இடத்தை வாடகைக்கு விடுமுன் மண்ணையும் எழுதி வையுங்கள்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அன்று தொடங்கி லாரியும் லேத்தும் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை, நேமம் என்று போனால் ஒரு பக்கம் நெல் நிற்கும். அதே வரப்பை ஒட்டி நீலத் தகரம் போட்ட ஷெட் நிற்கும். உழவு கட்டுப்படியாகவில்லை, ஆள் கிடைக்கவில்லை, ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வருவதில்லை என்று ஆளுக்கொரு காரணம். நிலத்தை விற்க மனமில்லாதவர்கள் சாலையோரத்து 30, 40 சென்ட்டை குடோனுக்கோ மெக்கானிக் ஷாப்புக்கோ வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு போகம் நெல் போட்டு எடுப்பதை இரண்டே மாத வாடகை கொடுத்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. காகிதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். தெரிந்தவர் மூலம் ஒரு வியாபாரி வருகிறார். அட்வான்ஸ் கைமாறுகிறது. 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். அடுத்த வருடம் அந்த 20 ரூபாய்த் தாளும் கிடையாது, வாடகை மட்டும் வரும். ஆறாவது வருடம் இடத்தைக் காலி செய்யச் சொன்னால், ‘கான்கிரீட் தளம் போட எனக்கு ஆன செலவைக் கொடுங்கள்’ என்கிறார் வாடகைதாரர். அந்தத் தளத்துக்கு அடியில் இருக்கும் மேல்மண்ணை யார் திருப்பித் தருவது என்று உரிமையாளர் கேட்கிறார். எழுதி வைக்காததால் இருவரிடமும் பதில் இல்லை.

பதினொரு மாதத் தாள்

11 மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 107-வது பிரிவு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. பதிவுச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள், அதுவே பழக்கமாகிவிட்டது. கட்டடத்தைப் பொறுத்தவரை இந்தச் சாமர்த்தியத்துக்கு இப்போது பலனில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, நகர்ப்புறத்தில் வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் வாடகை அதிகாரி. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சி. ஆகவே இங்கே ஷெட் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் உண்டு. வெறும் நிலமாக விடுகிறவர்களுக்கு அந்தப் பழைய 1882 சட்டமே.

‘பதிவு செய்யாத பத்திரம் செல்லவே செல்லாதா?’ என்று பலரும் கேட்கிறார்கள். கேரளாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் இதற்குப் பதில் இருக்கிறது. 1974-ல் ஒரு கட்டடத்தை 5 வருடத்துக்கு வாடகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டார்கள். அந்தோணி எதிர் கே.சி.இட்டூப் அண்ட் சன்ஸ் என்ற அந்த வழக்கில் 2000-ம் வருடம் தீர்ப்பு வந்தது. பத்திரம் பதிவாகாததால் 5 வருடக் குத்தகை நிற்காது. ஆனால் இடத்தை ஒப்படைத்து வாடகையும் வாங்கியதால் வாடகை உறவு உண்டானது உண்மை, அதை மாதவாடகையாகக் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். இதன் பொருள், உரிமையாளரும் வாடகைதாரரும் எழுதிக்கொண்ட ஐந்து வருடம் இருவருக்குமே கிடையாது. வியாபாரி 3 லட்சம் செலவழித்துத் தளம் போட்டிருந்தாலும், சட்டப்படி 15 நாள் நோட்டீஸில் அவரை வெளியேறச் சொல்லலாம். அவரும் அதேபோல 15 நாளில் கிளம்பிப் போகலாம். ‘ஐந்து வருட வாடகை வரும்’ என்று நம்பிக் கடன் வாங்கி ஷெட் போட்ட விவசாயி நடுவில் நிற்பார்.

பதிவுச் செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவிகிதம் முத்திரைத்தீர்வை. பதிவுக் கட்டணம் இன்னொரு 1 சதவிகிதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மாதம் 20,000 ரூபாய் வாடகை, 5 வருடம், அட்வான்ஸ் 2 லட்சம் என்றால் மொத்தம் 14 லட்சம். முத்திரைக்கு 14,000, பதிவுக்கு 14,000 ஆகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள எந்த வியாபாரியும் மறுப்பதில்லை. அவருக்கும் அது பாதுகாப்புதான்.

மண்ணுக்கு ஒரு ரசீது

வழக்கறிஞர்கள் எழுதித் தரும் ஒப்பந்தங்களில் சுவிட்ச் எத்தனை, ஃபேன் எத்தனை என்றுகூட இருக்கும். மண் எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்காது. விவசாய நிலத்தின் மதிப்பே மண்தான் என்பதை மறந்துவிட்டு, அதைக் காலி மனை மாதிரி நினைத்து எழுதுகிறார்கள்.

சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவு இதில் விவசாயிக்கு நல்ல துணை. இடத்தை எந்த நிலையில் வாங்கினாரோ அதே நிலையில் வாடகைதாரர் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு மட்டும் விலக்கு. எந்தக் காரியத்துக்கு வாங்கினாரோ அதைத் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சொத்துக்கு நிரந்தரக் கேடு செய்யக் கூடாது. உரிமையாளர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது, விவசாயப் பயனுக்கானது தவிர. உரிமையாளர் நியாயமான நேரத்தில் வந்து பார்வையிடலாம். வாடகைதாரரால் ஏற்பட்ட பழுதைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் கொடுத்தால், 3 மாதத்துக்குள் அவர் அதைச் சரிசெய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை இவை எல்லாம் தானாகவே பொருந்தும்.

ஆனால் ‘வாங்கிய நிலை’ எது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமே! அதற்குத்தான் மண் மாதிரி. நிலத்தில் 10, 15 இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை சீராக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். பயிருக்கென்றால் இது போதும். வாடகைக்கு விடுகிறபோது 15 முதல் 30 செ.மீ. ஆழத்திலும் தனியாக ஒரு மாதிரி எடுப்பது நல்லது. எண்ணெயும் அமிலமும் மேலோடு நிற்பதில்லை. கிணற்று நீரிலும், போர் நீரிலும் ஒவ்வொரு லிட்டர். எல்லாவற்றையும் இரண்டு செட்டாக எடுத்து, ஒரு செட்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மற்றொன்றை இருவரும் கையெழுத்திட்ட தாளுடன் கட்டி அரக்கு வைத்துவிடுங்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, சத்துகளைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ பார்க்கலாம். மெக்கானிக் ஷாப், பேட்டரிக் கடை, பெயின்ட் வேலை, முலாம் பூசும் வேலைக்கு விடுவதாக இருந்தால் ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்களும் பார்க்க வேண்டும். அதற்கு வசதியுள்ள ஆய்வகத்துக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். முடிவுகளை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, ‘இதே நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரிக்காக நூறு வரி வாதாட வேண்டிவரும் என்பது வழக்கு நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என்ன தொழிலுக்கு விடுகிறோம் என்பதைப் பொறுத்து மண்ணின் கேடும் மாறும். குடோனுக்கு வரும் லாரிகள் மண்ணை இறுக்கிவிடும்; காலி செய்த பிறகு உளிக்கலப்பை ஓட்டி அடியிறுக்கத்தை உடைத்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் சில பருவங்களில் மீட்கலாம். கட்டட இடிபாடு கலந்தால் சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பழைய இன்ஜின் ஆயில் ஊறிய இடத்தில் தண்ணீர் இறங்காது. திட்டுத் திட்டாக இருந்தால் கிளறிக் காற்றோட்டம் கொடுத்து, தொழுவுரம் கலந்து நுண்ணுயிரிகளை வேலை செய்ய விடலாம், நாளாகும். பேட்டரி அமிலத்தோடு வரும் ஈயம் வேறு ரகம். அது மட்குவதில்லை, ஆவியாவதில்லை, எத்தனை தழையுரம் போட்டாலும் போவதில்லை. அங்கே மறுபடி கீரை விதைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே கூடாது. மண்ணைத் தோண்டி அகற்றுவதுதான் வழி. அதற்கு ஆகும் செலவு பல வருட வாடகையை விழுங்கிவிடும். மாத வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதற்காகப் பேட்டரிக் கடைக்கு நிலம் விடுவதைவிட, குறைந்த வாடகைக்குத் துணி குடோனுக்கு விடுவது லாபம்.

இன்னொன்று. நிலத்தை நிரவும்போது மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். ‘மேல் 15 செ.மீ. மண்ணை ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வயல்காரர் வழக்குப் போட்டால்?

ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இருவரைத்தான் கட்டும். ஆனால் ஷெட்டிலிருந்து வழியும் கழிவு வரப்பைத் தாண்டும்போது கையெழுத்தா பார்க்கிறது? பக்கத்து நிலத்துக்காரருக்கும் உங்கள் வாடகைதாரருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை; ஆனாலும் அவர் இழப்பீடு கேட்கலாம். இதற்கு உதவுவது தீங்கியல் சட்டம். இடையூறு, அஜாக்கிரதை, அத்துமீறல் ஆகிய மூன்றும் இதில் அடிக்கடி வருபவை. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது, தீர்ப்புகளால் வளர்ந்தது. 1868-ல் இங்கிலாந்தில் முடிந்த ரைலாண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கிலிருந்து ஒரு விதி வந்தது: ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பி வெளியே போனால் பொறுப்பேற்க வேண்டும். அந்த வழக்கில் தப்பியது நீர்த்தேக்கத்துத் தண்ணீர்! 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. ஆபத்தான தொழில் செய்கிறவர், கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இதில் நில உரிமையாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘நான் வாடகைக்கு விட்டேன், அவ்வளவுதான்’ என்ற பதில் எப்போதும் எடுபடாது. என்ன தொழில் நடக்கப் போகிறது, அதில் என்ன கழிவு வரும் என்று தெரிந்தே விட்டிருந்தால், அல்லது கேடு நடப்பதைப் பார்த்தும் சம்மதித்து வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் உரிமையாளரையும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம். அதனால் கழிவு வழிவதைக் கண்ட அன்றே தபாலில், ஒப்புகை அட்டையுடன், ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாயால் சொன்னது வழக்கில் நிற்காது.

மண் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கை அந்தத் தீர்ப்பு சுட்டுகிறது: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது. கெடுத்தவரே செலவு தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் அவருடையதே என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் அந்த ஊர்க்காரர்கள் அலைந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவில் 28 வருடம் போய்விட்டது.

இலவச மின்சாரத்தில் வெல்டிங்

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஷெட்டுக்கு வணிக இணைப்பு வரும்வரை என்று பம்ப்செட் இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுக்கிறார்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்கு எடுப்பது, 2003-ம் வருட மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இணைப்பு விவசாயி பெயரில். நோட்டீஸும் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதையும் சி.எம்.டி.ஏ-வில் பார்த்துக்கொள்ளுங்கள். விவசாய மண்டலத்தில் குடோன் கட்ட வகைமாற்றமும் அனுமதியும் வேண்டும். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, சீல் வைத்தால் நஷ்டம் யாருக்கு என்று எழுதாத ஒப்பந்தங்களே அதிகம்.

பூட்டுப் போடாதீர்கள்

வாடகை மூன்று மாதமாக வரவில்லை. கோபத்தில் உரிமையாளர் ஷெட்டுக்குப் பூட்டுப் போடுகிறார், மின்சாரத்தைத் துண்டிக்கிறார். அதுவரை நியாயம் அவர் பக்கம். பூட்டு விழுந்த நிமிடத்தில் பக்கம் மாறிவிடும். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் உரிமைப் பேச்சுக்கே போகாமல் இடத்தைத் திரும்ப வாங்கலாம் என்கிறது 1963-ம் வருடக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-வது பிரிவு. உள்ளே அடைபட்ட சரக்கு கெட்டால் அந்த இழப்பீடும் தலையில் விழும். குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைப் புதிய வாடகைச் சட்டமும் தடுக்கிறது. காலி செய்ய வைக்க வழி நோட்டீஸ்தான். மாதவாடகைக்கு 15 நாள். ஆலைத் தொழிலுக்கோ விவசாயத்துக்கோ விட்டிருந்து, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் 6 மாதம். நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் வாடகையை யோசிக்காமல் வாங்கி ரசீது போடாதீர்கள். குத்தகையைத் தொடர சம்மதித்ததாக எதிர்த்தரப்பு வாதாடும். ‘இட உபயோகத்துக்கான ஈட்டுத்தொகை, உரிமைக்குப் பாதகமின்றி’ என்று எழுதி வாங்கலாம்.

வாடகைதாரர் கட்டிய ஷெட் யாருக்கு? அவர் இடத்தில் இருக்கும்வரை, தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம். வெளியேறிய பிறகு வந்து கேட்க முடியாது. கழற்றும்போது நிலத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். சென்னையில் நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவர், அந்த நிலத்தையே விலைக்குக் கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருப்பதாகப் பயமுறுத்துவார்கள். இருக்கிறது, நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921. ஆனால் அது பழைய நிலக் குத்தகைகளுக்கு மட்டும்தான். இப்போது புதிதாக விடுகிறவர்கள் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தாத்தா காலத்தில் அம்பத்தூர்ப் பக்கம் விட்ட மனை இருந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கடை எடுத்தவர் பக்கமும் உண்டு

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளே ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உரக்கடை, பூக்கடை, டீக்கடை வைத்து வாடகைதாரராக இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே 108-வது பிரிவில் உரிமை உண்டு. இடத்தில் வெளியே தெரியாத பெரிய குறை இருந்து, அது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பழைய நீர்வழியில் மண் கொட்டி ஷெட் போட்டுவிட்டு, 2015 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் உர மூட்டைகள் கரைந்த பிறகு ‘மழைக்கு நான் என்ன செய்வேன்’ என்று கேட்க முடியாது. தீயாலோ வெள்ளத்தாலோ இடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். தற்காலிகமாகக் கடை மூடியிருந்தது என்பதற்காக வாடகை தானாக நிற்காது. 2020 ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட் செருப்புக்கடை ஒன்றின் வழக்கில், அந்த வருடம் மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது: ஒப்பந்தத்தில் அதற்கு வழி எழுதியிருந்தால் சரி, இல்லையென்றால் இடத்தை வைத்துக்கொண்டு வாடகை தரமாட்டேன் எனக் கூற முடியாது. அதே மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியதைப் பார்த்தவர்களுக்கு, இதுபோன்ற நாள் மறுபடி வரலாம் என்பது தெரிந்திருக்கும். பேரிடரில் வாடகை எவ்வளவு குறையும் என்று இரண்டு வரி எழுதிக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

அட்வான்ஸைத் திருப்பித் தருவதில்தான் பெரும்பாலான சண்டை. ஒப்பந்தத்தில் ‘முன்கூட்டியே காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் போச்சு’ என்று எழுதியிருந்தாலும், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

வாடகை பாக்கிக்கும், நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பூந்தமல்லி, அம்பத்தூர், திருவள்ளூரில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் உள்ளவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். வழக்குக்கு முன் சமரசம் பேசவும் அங்கேயே மனு கொடுக்கலாம். கழிவு பற்றிய புகாருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். எங்கே போனாலும் பட்டா, சிட்டா, ஒப்பந்தம், வாடகை வந்த வங்கிக் கணக்குத் தாள், நோட்டீஸின் ஒப்புகை அட்டை, மண் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். அரக்கு வைத்த மண் மாதிரியை மட்டும் வீட்டில் ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். நீதிமன்றம் கேட்கும்போது கொடுத்தால் போதும்.